புதிய ஜாஸ் கலைஞர்களைக் கண்டுபிடிப்பதும், பணம் அவர்களைப் போய்ச் சேரும்படி ஆல்பம் வாங்குவதும்

கேள்வி: குழித்துறை கிளாரினெட்

அனைவருக்கும் வணக்கம். மார்த்தாண்டத்தை அடுத்த ஓர் ஊரில் கோயில் பேண்டு குழுவில் கிளாரினெட் வாசிக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு வாசிப்புச் சொல்லித்தந்த பேண்டு மாஸ்டர், திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் வாசிக்கும் மெட்டுகளைத் தவிர வேறொன்றும் அறியாதவர்களாக நாங்கள் வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனையும் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் கேசட்டில் போட்டுக் கேட்கச் செய்தவர். அப்படிப் பிடித்த ஜாஸ் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. 1959-இல் வந்த மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’, 1965-இல் வந்த ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ ஆகியவை வரைக்கும் எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. அதற்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி ஏதும் தெரியாது.

இன்றைக்கு உயிரோடு இருந்து, இந்த ஆண்டு, சென்ற ஆண்டு என்று ஆல்பம் வெளியிடும் கலைஞர்களைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கைப்பேசிச் செயலியில் ‘ஜாஸ்’ என்று தேடினால், மழைக்கு ஜாஸ், காபிக்கு ஜாஸ், தூக்கத்துக்கு ஜாஸ் என்று பட்டியல் பட்டியலாகக் கொட்டுகிறதே ஒழிய, வாசிப்பவர் யார், எந்த ஊர்க்காரர், டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு விவரமும் கிடைப்பதில்லை. நான் கேட்ட பழைய ஆல்பங்களையே திரும்பத் திரும்பப் பரிந்துரைப்பதும் அலுத்துவிட்டது.

இன்னொரு சங்கடமும் உண்டு. பேண்டு வாசித்துக் கூலி வாங்குகிறவன் என்ற முறையில், பிடித்த ஆல்பத்துக்கு உரிய பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். ஒருமுறை வெளிநாட்டு இணையதளம் ஒன்றில் வாங்கப் போனபோது வங்கி அட்டை மறுக்கப்பட்டது. காரணம் கேட்கப் போன கிளையில், அப்படி ஒரு தளமே ஏமாற்று வேலையாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இசைத்தட்டாகவே தருவிக்கலாம் என்று பார்த்தால், தட்டின் விலையைவிட அஞ்சல் செலவு கூடுதலாக இருக்கிறது. நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் அட்டை உறையெல்லாம் பூசணம் பிடித்துவிடும் என்பது வேறு கவலை.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு புதியவர்களைக் கண்டுபிடிப்பதற்கு நீங்கள் கைக்கொள்ளும் வழி என்ன? கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி கலைஞருக்கே போய்ச் சேரும் என்று நம்பி எங்கே வாங்கலாம்?

பதில்: வடசேரிச் சந்தை

தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். பண விஷயத்தில் என்னைவிட விவரமானவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

செயலியின் பரிந்துரைகளை நம்புவதை முதலில் நிறுத்திவிடுங்கள். ஒரு ஆல்பம் பிடித்துப்போனால், அதில் உடன் வாசித்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தைத் தேடுங்கள். கச்சேரி மேடையில் பக்கவாத்தியக்காரர் பெரும்பாலும் பக்கவாத்தியக்காரராகவே இருந்துவிடுவார். ஜாஸில் நிலைமை வேறு. இன்றைக்கு ஒருவருக்குப் பேஸ் வாசிப்பவர், அடுத்த மாதம் தாமே குழு திரட்டித் தம் இசையைப் பதிவு செய்வார். அதில் இன்றைய தலைவர் பியானோவில் துணைக்கு வந்து உட்காருவதும் உண்டு. ஆகவே ஒரே ஆல்பத்தின் உறை உங்களுக்கு மூன்று நான்கு வாசல்களைத் திறந்துவிடும். செயலிகளில் இந்த விவரம் அரைகுறையாகவே இருக்கும். ‘டிஸ்காக்ஸ்’ என்ற தளத்தில் பெரும்பாலான ஆல்பங்களுக்கு வாசித்தவர் பட்டியல் முழுதாகக் கிடைக்கும்.

நான் போன தடத்தையே காட்டிவிடுகிறேன். பியானோக் கலைஞர் விஜய் ஐயர் 1971-இல் நியூயார்க் மாநிலத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2013-இல் மெக்ஆர்தர் நல்கை பெற்றவர். டபுள் பேஸும் டிரம்ஸும் சேர்த்து மூவராக வாசித்த அவருடைய ‘அன்ஈஸி’ ஆல்பத்தை 2021-இல் ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனம் வெளியிட்டது. பழைய ஜாஸிலிருந்து வருகிற உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் அதில் கோல் போர்ட்டரின் ‘நைட் அண்ட் டே’ இருக்கிறது. குட்மன் காலத்துப் பாட்டு. மெட்டு உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும். அந்த மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே, மூவரும் அதற்கு அடியில் தாளக்கட்டை எப்படி நகர்த்துகிறார்கள் என்று கவனிக்கலாம். தெரியாத இசைக்குள் நுழைவதற்குத் தெரிந்த பாட்டு ஒன்று கிடைப்பது பெரிய வசதி.

அந்த மூவரில் டிரம்ஸ் வாசிப்பவர் டைஷான் சோரி. இசையமைப்புக்காக 2024-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். டபுள் பேஸ் வாசிப்பவர் லிண்டா மே ஹான் ஓ. மலேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்து, நியூயார்க்குக்குப் போனவர். அவர் பெயரைத் தேடினால் 2023-இல் வந்த ‘தி கிளாஸ் ஹவர்ஸ்’ கிடைக்கும். அதை வெளியிட்டது பயோஃபிலியா என்ற சிறு நிறுவனம்; பியானோக் கலைஞர் ஃபேபியன் அல்மசான் நடத்துவது. பிளாஸ்டிக் தட்டே வேண்டாம் என்று முடிவு செய்து, மடிப்பு மடிப்பாக விரியும் காகித உறையில் பதிவிறக்கக் குறியீட்டை மட்டும் வைத்துத் தருகிறார்கள். உறை பூசணம் பிடித்தாலும் பதிவிறக்கிய இசைக்குக் கேடில்லை என்பதால், உங்கள் கவலைக்கு அதுவும் ஒரு பதில்தான்.

அதே நிறுவனத்தின் பட்டியலை மேலும் துழாவினால் ராஜ்னா சுவாமிநாதனின் ‘ஆஃப் ஏஜென்சி அண்ட் அப்ஸ்ட்ராக்‌ஷன்’ அகப்படும், 2019-இல் வந்தது. அவர் அமெரிக்காவில் வளர்ந்தவர், உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் கற்றவர். டிரம்பெட்டும் சாக்ஸபோனும் கிட்டாரும் சேர்ந்த குழுவுக்கு மிருதங்கத்தை நடுவில் வைத்து இசை எழுதியிருக்கிறார். ஜாஸுக்கு மேலே தாளவாத்தியத்தைத் தூவிவிட்ட கலவையாக இருக்கும் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினால் ஏமாந்துவிடுவீர்கள். ஊதுகுழல்களின் வாக்கியங்களே மிருதங்கத்தின் கணக்குக்குள்ளிருந்துதான் கிளம்புகின்றன. அதில் டிரம்பெட் வாசிப்பவர் ஆடம் ஓஃபாரில். அவரைத் தொடர்ந்து போனால், சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, பழைய சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் இசையிலிருந்து தூண்டுதல் பெற்று 2015-இல் வெளியிட்ட ‘பேர்ட் கால்ஸ்’ வரும்.

மகந்தப்பாவிடம் வந்து சேர்ந்துவிட்டால், 2008-இல் பை ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட ‘கின்ஸ்மென்’ ஆல்பத்தைக் கேட்காமல் திரும்பக் கூடாது. கத்ரி கோபால்நாத்தும் மகந்தப்பாவும் ஆளுக்கொரு ஆல்ட்டோ சாக்ஸபோனோடு நிற்கிறார்கள். முதல் தடவை கேட்கும்போது எது யாருடையது என்று தடுமாறும். கமகத்தில் வளைந்து வழுக்கி இறங்குகிறவர் கோபால்நாத், விளிம்பு கூர்மையாக வெட்டிக்கொண்டு போகிறவர் மகந்தப்பா என்று கொஞ்ச நேரத்தில் பிடிபடும். பிறகு இருவரும் ஒருவர் வழியில் ஒருவர் போகத் தொடங்கும்போது மறுபடியும் குழம்பும். நீங்கள் துளைக்கருவிக்காரர் என்பதால் எங்களைவிட உங்களுக்கு அதில் ருசி அதிகம் கிடைக்கும். கமகம் பிடிப்பதற்காகவே கோபால்நாத் தம் சாக்ஸபோனின் சாவிகளில் மாற்றம் செய்துகொண்டவர் என்பதையும் மனத்தில் வைத்துக் கேளுங்கள். வயலின் வாசித்திருப்பவர் பெயர் கன்னியாகுமரி. நம் மாவட்டத்துக்காரர் அல்லர், ஆந்திரத்து விஜயநகரத்தைச் சேர்ந்தவர். ஆனாலும் நியூயார்க் நிறுவனம் ஒன்றின் ஆல்பத்தில் அந்தப் பெயரைப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நான் சொன்ன இந்தப் பெயர்கள் எதுவும் எந்தச் செயலியும் எனக்குத் தந்தவை அல்ல. சிறு நிறுவனங்களின் பட்டியலையும் இப்படியே மேய்ந்து பாருங்கள். ஆண்டுக்குச் சில ஆல்பங்களே வெளியிடுகிற நிறுவனத்துக்கு ஒரு ரசனை இருக்கும். அந்த ரசனை உங்களுக்கு ஒத்துவந்தால், பெயர் தெரியாத கலைஞரையும் நம்பிக் கேட்கலாம்.

பதில்: கருங்கல் கணக்கு

பண விஷயம் எனக்கு விடப்பட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்.

அட்டை மறுக்கப்பட்டதற்குத் தளம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 மார்ச்சுக்குப் பிறகு வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தொடக்கத்தில் முடக்கியே தரப்படுகிறது. வங்கியின் செயலியைத் திறந்து, அட்டைப் பகுதியில் வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனையை இயக்கி, கூடவே ஒரு சிறு தொகையை உச்சவரம்பாக வைத்துவிடுங்கள். வாங்கி முடித்ததும் அணைத்துவிடலாம். விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையாக இருப்பது நல்லது. அந்நியச் செலாவணி மாற்றுக்கட்டணமாகப் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை பிடிக்கின்றன என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பேபால் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தைத்தான் நிறுத்தியது. வெளிநாட்டுக் கலைஞருக்குப் பணம் செலுத்த அது இன்னும் பயன்படும்.

வாங்குவதற்கு இடம் என்று கேட்டால், பேண்ட்கேம்ப் தளத்தைத்தான் சொல்வேன். கலைஞரோ நிறுவனமோ தாமே கடை திறந்து, தாமே விலை வைக்கும் இடம் அது. டிஜிட்டல் ஆல்பம் விற்றால் தளம் எடுத்துக்கொள்வது 15 சதவீதம், தட்டு, சட்டை போன்ற பொருள்கள் விற்றால் 10 சதவீதம். பணம் செலுத்தும் சேவையின் கட்டணமும் போக, சராசரியாக 82 சதவீதம் விற்றவருக்குப் போகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பத்து டாலர் ஆல்பத்தில் எட்டு டாலருக்கு மேல். இதையே ஒலியோடைச் செயலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் ஒரு சென்ட்டில் பாதிகூடத் தேறுவதில்லை என்பது பொதுவான மதிப்பீடு, அதை 0.4 சென்ட் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த எட்டுச் சொச்சம் டாலரை ஈட்ட ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பாட்டு ஓட வேண்டும். அதிலும் ஸ்பாட்டிஃபை 2024 முதல் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது: முந்தைய 12 மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு உரிமத்தொகையே கிடையாது. எட்டு நிமிடம், பத்து நிமிடம் ஓடும் ஜாஸ் துண்டுகளை வெளியிடும் இளம் கலைஞருக்கு அந்த வாசற்படி உயரமானது.

சில வெள்ளிக்கிழமைகளில் பேண்ட்கேம்ப் தன் பங்கை எடுத்துக்கொள்ளாமல் முழுவதையும் கலைஞருக்கே விடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 20 அன்று தொடங்கிய வழக்கம். எல்லா மாதமும் வருவதில்லை, தேதிகளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். கலிஃபோர்னியா நேரப்படி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை என்பதால், நமக்கு அது வெள்ளிக்கிழமை பகல் 12.30-க்குத் தொடங்கிச் சனிக்கிழமை பகல் 12.30-க்கு முடியும், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வெள்ளி காலையில் அவசரப்பட்டு வாங்கினால் சலுகை கலைஞருக்குப் போகாது. இங்கே பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

இன்னும் இரண்டொரு எச்சரிக்கைகள். ஒரே ஆல்பம் நிறுவனத்தின் பக்கத்திலும் கலைஞரின் சொந்தப் பக்கத்திலும் இருந்தால், கலைஞரின் பக்கத்தில் வாங்குங்கள். நிறுவனத்தின் பக்கத்தில் கட்டிய பணம் அவர்களுக்குள் உள்ள ஒப்பந்தப்படி பிரிந்த பிறகே கலைஞருக்குப் போகும். மாதச் சந்தா கட்டி ஒரு கலைஞரை ஆதரிக்கும் ஏற்பாடுகளும் உண்டு. ஆனால் 2021 அக்டோபரில் தானியங்கிக் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி கடுமையான பிறகு, வெளிநாட்டுச் சந்தாக்கள் பாதியில் அறுந்துபோவது சகஜமாகிவிட்டது. ஒவ்வொரு ஆல்பமாக ஒற்றைத் தொகை கட்டி வாங்குவதே தொல்லை இல்லாதது. வாங்கியதை உடனே ஒலித்தரம் குறையாத ஃபிளாக் கோப்பாகப் பதிவிறக்கி ஹார்டு டிஸ்கில் வைத்துவிடுங்கள். பேண்ட்கேம்ப் தளம் 2022-இல் எபிக் கேம்ஸ் கைக்கும், 2023-இல் சாங்டிரேடர் கைக்கும் மாறியது. இரண்டாவது கைமாற்றத்தின்போது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தார்கள். இன்றைக்கு நல்ல கடை என்பதற்காக என்றைக்கும் இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

இசைத்தட்டைத் தருவிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அஞ்சல் செலவு போதாதென்று சுங்கவரியும் வந்து விழக்கூடும்; அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு கலைஞர்களின் டிஜிட்டல் ஆல்பங்களை வாங்கிவிடலாம்.

குழித்துறை கிளாரினெட்

இருவருக்கும் மிக்க நன்றி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி, ‘கின்ஸ்மென்’ வாங்கிவிட்டேன். அண்ணாச்சி சொன்னதுபோல் இரண்டு சாக்ஸபோன்களையும் பிரித்து அறிவதற்குள் பாதி ஆல்பம் போய்விட்டது. ஒரு சந்தேகம் மட்டும் மீதி. மாதத்துக்கு ஓர் ஆல்பத்துக்கு மேல் வாங்க என் வருமானம் இடம் தராது. வாங்காமல் வெறுமனே கேட்கிற ஆல்பங்களின் கலைஞர்களுக்கு என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இன்றைய கிளாரினெட் கலைஞர்கள் யாரும் உண்டா என்பதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: ஆசாரிப்பள்ளம் வானொலி

வடசேரி அண்ணாச்சி காட்டிய முறையில் எனக்கு மறுப்பு இல்லை. அவர் போன தடத்தில்தான் கொஞ்சம் மறுப்பு உண்டு. மிருதங்கம், கமகம், தமிழ்ப் பெயர் என்று நமக்குப் பழகியவற்றின் கையைப் பிடித்துக்கொண்டே போனால், கடைசியில் நம் வீட்டுத் திண்ணையிலேயே வந்து உட்கார்ந்திருப்போம். அந்த ஆல்பங்களை நானும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் பழக்கமில்லாத ஒன்றைக் கேட்டுத் திகைப்பதற்காகவும் அல்லவா புதிய இசையைத் தேடுகிறோம்?

தம்பிக்குக் கிளாரினெட்டிலிருந்தே தொடங்குகிறேன். முதலில் அனாட் கோஹன். இஸ்ரேலில் பிறந்து நியூயார்க்கில் வாழ்பவர், இன்றைய ஜாஸ் கிளாரினெட்டில் முன்வரிசைக்காரர். 2017-இல் வந்த ‘ஹேப்பி சாங்’ பத்துப் பேர் குழுவோடு வாசித்தது. குட்மனில் வளர்ந்த காதுக்கு உடனே ஒட்டும். அதற்கு நேர் எதிர்த்திசையில் சிகாகோவைச் சேர்ந்த ஏஞ்சல் பேட் டாவிட் இருக்கிறார். 2019-இல் இன்டர்நேஷனல் ஆந்தம் வெளியிட்ட அவருடைய ‘தி ஆரக்கிள்’ கைப்பேசியில் பதிவு செய்யப்பட்டது. கிளாரினெட்டையும் குரலையும் மற்றக் கருவிகளையும் தாமே அடுக்கடுக்காகச் சேர்த்து எழுப்பியிருக்கிறார். ஒலி கரடுமுரடாக இருக்கும், சில இடங்களில் சுருதி நழுவுவதுபோலத் தோன்றும். அந்தக் கரடுதான் அதன் உயிர். ஸ்டுடியோவுக்குக் காசில்லை என்று கைகட்டி இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டிய ஆல்பம்.

அதே நிறுவனத்தின் டிரம்ஸ் கலைஞர் மக்காயா மெக்ரேவனையும் கேளுங்கள். ‘யூனிவர்சல் பீயிங்ஸ்’ 2018-இல் வந்தது. நியூயார்க், சிகாகோ, லண்டன், லாஸ் ஏஞ்சலிஸ் என நான்கு நகரங்களில் வெவ்வேறு கலைஞர்களோடு முன்தயாரிப்பில்லாமல் வாசித்ததைப் பதிவு செய்து, அந்தப் பதிவுகளை வெட்டியும் ஒட்டியும் புதிய துண்டுகளாகக் கட்டியிருக்கிறார். கிட்டார் கலைஞர் என்றால் மேரி ஹால்வர்சன். அவருடைய ‘அமரிலிஸ்’ 2022-இல் வந்தது. அண்ணாச்சி சொன்ன ஆடம் ஓஃபாரில்தான் அதிலும் டிரம்பெட். லண்டனில் ஒரு பட்டாளமே இருக்கிறது. அங்கிருந்து கிளம்பிய எஸ்ரா கலெக்டிவ் குழு, 2023-இல் பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசை வென்ற முதல் ஜாஸ் குழு ஆயிற்று. இம்மானுவேல் வில்கின்ஸ் என்ற இளம் ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞரின் ‘புளூஸ் பிளட்’ 2024-இல் புளூ நோட் நிறுவனத்தில் வந்தது. அதில் பாடும் குரல்களில் ஒன்று கானவ்யாவுடையது. அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர் அவர். பாருங்கள், எதிர்த்திசையில் போன நானும் திண்ணைக்கே வந்துவிட்டேன்.

தேடுவதற்கு நான் வைத்திருக்கும் வழி வானொலி. பிரான்ஸ் அரசு வானொலியின் ஃபிப் ஜாஸ் அலைவரிசையிலும், அமெரிக்காவின் நியூவார்க் நகரத்து டபிள்யூ.பி.ஜி.ஓ. நிலையத்திலும் இணையம் வழியாகக் காசில்லாமல் கேட்கலாம். ஓடுகிற பாட்டின் பெயர் திரையில் தெரியும். பிடித்ததைக் குறித்துக்கொண்டு பிறகு தேடுவேன். ஆண்டு முடிவில் இன்னொரு வேலையும் செய்வேன். பிரான்சிஸ் டேவிஸ் என்ற விமர்சகர் 2006-இல் தொடங்கிவைத்த ஜாஸ் விமர்சகர் வாக்கெடுப்பு ஒன்று உண்டு. மொத்தப் பட்டியலில் முதல் பத்து இடங்களில் எப்படியும் பெரிய பெயர்கள்தான் இருக்கும், அதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நான் பார்ப்பது, ஒவ்வொரு விமர்சகரும் தனித்தனியாகப் பத்து ஆல்பங்களைக் குறித்து அளித்த வாக்குச்சீட்டை. உங்களுக்குப் பிடித்த மூன்று ஆல்பங்கள் ஒருவருடைய சீட்டில் இருந்தால், அதில் நீங்கள் கேட்டிராத மற்ற ஏழையும் கேட்டுவிடலாம். பேண்ட்கேம்ப்பிலும் ஓர் ஆல்பத்தை வாங்கியவர்களின் சேகரிப்பைத் திறந்து பார்க்கும் வசதி இருக்கிறது. அதையும் இதே விதமாகப் பயன்படுத்தலாம்.

வாங்க முடியாதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன். கலைஞரின் பக்கத்தைப் பின்தொடருங்கள். புதிய ஆல்பம் வரும்போது அவர் நேரடியாக உங்களுக்குச் செய்தி அனுப்ப முடியும். நடுவில் எந்தச் செயலியின் தயவும் வேண்டாம். முழு ஆல்பம் கைக்கு அடங்காவிட்டால் ஒரு பாட்டை மட்டும் வாங்கலாம், பல பக்கங்களில் அதற்கும் இடம் உண்டு. வாங்கியவர் ஆல்பத்தின் கீழே இரண்டு வரி எழுதவும் முடியும். யாரும் எழுதியிராத சிறு கலைஞரின் பக்கத்தில் அந்த இரண்டு வரிக்கு நிறைய மதிப்பு. அதைத் தமிழிலேயே எழுதுங்கள், குறைந்துபோகாது. காசில்லாமல் கேட்பதைத் திருட்டு என்று நினைத்து மனம் புழுங்க வேண்டாம். கலைஞரே திறந்துவைத்திருப்பதைத்தான் கேட்கிறீர்கள்.

பதில்: முட்டம் டிரம்பெட்

ஆல்பத்தைப் பற்றியே எல்லோரும் பேசிவிட்டீர்கள். மேடை வாசிப்புதான் பெரும்பாலான ஜாஸ் கலைஞர்களுக்குச் சோறு போடுகிறது. நேரில் கேட்க வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துப் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலையான்ஸ் ஃபிரான்சேஸின் அறிவிப்புகளைக் கவனித்து வாருங்கள். ஐரோப்பியக் குழுக்கள் அவ்வப்போது அந்த வழியாக வருவதுண்டு, நமக்குப் போய்த் திரும்புகிற தூரம்தான். பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள விண்ட்மில்ஸ் அரங்கில் இந்திய, வெளிநாட்டு ஜாஸ் கலைஞர்கள் தொடர்ந்து வாசிக்கிறார்கள். சீட்டு விலை நம் கைக்குக் கொஞ்சம் கடினம், ரயில் செலவு வேறு.

வீட்டிலிருந்தே பார்ப்பதற்கு நியூயார்க்கின் ஸ்மால்ஸ் என்ற சிறு கிளப் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய அந்த நிலவறையில் நடக்கும் நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள்; அந்த வருவாயில் வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு. அங்கே மாலை 7.30-க்கு மேடை தொடங்கினால் இங்கே விடிகாலை 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி. முதல் பூசைக்கு எழும்புகிற ஊரில் அது ஒரு கஷ்டமே அல்ல. ஆல்பத்தில் பெயரைக்கூடப் பார்த்திராத இளைஞர்கள் பலரை நான் முதலில் பார்த்தது அங்கேதான்; யார் யாரோடு சேர்ந்து வாசிக்கிறார்கள் என்பதும் கண்ணெதிரே தெரியும், அண்ணாச்சி சொன்ன பெயர்ப்பட்டியலை அப்படியும் வளர்க்கலாம்.

வாசிக்கிறவர்களாகிய நமக்கு இன்னொரு வழியும் உண்டு. கலைஞர்கள் சிலர் தம் இசையின் நொட்டேஷனையும் தம் இணையதளத்தில் விற்கிறார்கள். விற்பனைக்கு இல்லாவிட்டாலும் மின்னஞ்சலில் கேட்டால், விலை சொல்லி அனுப்பிவைப்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் ஆல்பத்தின் விலைக்குள் முடிகிற செலவு, பணம் முழுவதும் எழுதியவருக்கே போகும், குழு மொத்தமும் உட்கார்ந்து பழகலாம். கேட்கும்போது எந்தக் கருவிக்கு வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். பி பிளாட் சுருதிக் கருவிகளுக்கு எழுதிய பகுதி ஒன்றை வாங்கினால் என் டிரம்பெட்டிலும் உங்கள் கிளாரினெட்டிலும் அப்படியே வாசிக்கலாம். குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் இருந்தால் அதற்கு ஈ பிளாட் சுருதிப் பகுதியைத் தனியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.